விருந்தினரின் ஆதாரைச் செயலியில் ஏற்ற வேண்டுமா?

வணக்கம் ஐயா. கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் உங்களிடம், முன்பதிவு நிறுவனம் ஒவ்வொரு விருந்தினரின் ஆதார் அட்டையையும் இருபுறமும் படமெடுத்துத் தன் செயலியில் ஏற்றச் சொல்வதாகவும், ஏன் என்றால் 'சட்டம்' என்று மட்டும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

தங்குபவர் யாரென்று பதிவேட்டில் குறித்து, காவல்துறை கேட்டால் காட்டுவது உங்கள் கடமைதான். அதற்கு ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். வெளிநாட்டவர் தங்கினால் அதைத் தெரிவிக்கத் தனிப் படிவம் உண்டு. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர இடமளித்த, ஆதார் சட்டத்தின் 57ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று நீக்கியது. யாராவது ஆதாரையே நீட்டினால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே முன்பின் தெரியாதவர்களின் ஆதார் படங்கள் உங்கள் கைப்பேசியில் கிடக்கின்றன என்றீர்களே, பதிவேட்டில் விவரம் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அவற்றை இன்றே அழித்துவிடுங்கள்.

மலைக்கு வரும் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் அனுமதி இருக்கும்போது இது எதற்கு என்ற உங்கள் கேள்வி நியாயமானது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் அது நடைமுறையில் இருக்கிறது. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டிகள் ஏற வேண்டும் என்பதால் அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வண்டிகளை எண்ணி முடித்த பிறகு, இ-பாஸுக்காக வாங்கிய பயணியின் கைப்பேசி எண் அரசுக்கு எதற்கு? இதைக் கேட்க நமக்குக் கைகொடுக்க வேண்டிய 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் 17ஆம் பிரிவில், அரசே அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குப் பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. தனியாரைத் தட்டிக் கேட்கும் சட்டம் அரசுக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.