முதல் பிரசவம் லண்டனில்: மண்டபத்துத் தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

கணவரின் வேலை விசாவோடு லண்டனுக்கு வந்த சில வாரங்களிலேயே கருவுற்றிருப்பதாகவும், ஏழாவது வாரம் நடந்தும் எந்த டாக்டரும் பார்க்கவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊர்ப் பத்தியங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, முதியோர் இல்லத்தில் கிடைத்திருக்கும் வேலையில் சேரலாமா, ஏழாம் மாதம் ராமநாதபுரம் கரையிலுள்ள உங்கள் ஊரான மண்டபத்துக்கே போய்த் தாய்வீட்டில் பெற்றுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. தேவிபட்டினத்திலிருந்து வந்து இரண்டு பிள்ளைகளைக் கிழக்கு லண்டனில் பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

நம் கரையில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து பெயரைப் பதிந்துகொள்வார். நாள் தவறினால் அம்மாவோ மாமியாரோ அத்தையோ கேட்டுவிடுவார்கள். இங்கே அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள்; முதல் அழைப்பு உங்களுடையதாக இருந்தால்தான் மற்றவை நகரும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தை இந்நாட்டில் தொடக்கம் முதல் பிரசவம் வரை மிட்வைஃப் எனப்படும் மகப்பேற்றுச் செவிலியர்தான் பார்ப்பார் என்பதால், டாக்டர் பார்க்கவில்லை என்று மனம் வருந்த வேண்டியதில்லை. ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் போகாமலே, அருகிலுள்ள மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் இணையம் வழியாக நீங்களே பதிந்துகொள்ளலாம். அதை இன்றே செய்யுங்கள். தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைபாடுகளுக்கான பரிசோதனை உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்பதால், முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் அமைவது நல்லது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. அந்த வேலையைக் கணவரிடம் விடாதீர்கள். வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று உங்களிடம் தனியாகக் கேட்கும் கேள்வியும் அந்தச் சந்திப்பில் உண்டு.

முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் வரும். அதற்குள் இரத்தக்கசிவோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலியோ கண்டால் மருத்துவ ஆலோசனைக்கான 111 எண்ணையும், மயக்கம் வந்தாலோ இரத்தம் மிகுதியாகப் போனாலோ ஆம்புலன்ஸுக்கான 999 எண்ணையும் அழையுங்கள். மசக்கை பெரும்பாலானோருக்கு வருவதுதான் என்றாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் கறுத்துப் போனால் பொறுத்திருக்கக் கூடாது. ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் 12 வாரம் முடியும் வரையிலும், வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் வீதம் தொடர்ந்தும் சாப்பிட வேண்டும். சர்க்கரை நோயோ வலிப்பு நோய் மருந்தோ இருந்தால் ஃபோலிக் அமிலத்தின் அளவு கூடும் என்பதால் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கான கட்டண விலக்குச் சான்றிதழையும் மிட்வைஃபிடம் மறக்காமல் கேட்டு வாங்குங்கள்; மருந்துச்சீட்டும் பல் சிகிச்சையும் பிரசவத்துக்குப் பின் 12 மாதம் வரை இலவசமாகும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் கரைப் பழக்கமும் இங்குள்ள அறிவுரையும் நேராக மோதுமிடம் சுறாதான். பெரிய மீன்களின் உடலில் சேரும் பாதரசம் சிசுவின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் என்பதால் சுறா, வாள்மீன், மார்லின் ஆகியவற்றைக் கர்ப்ப காலம் முழுவதும் அறவே தவிர்க்கச் சொல்கிறார்கள். காய்ந்தாலும் பாதரசம் போகாது, ஆகவே ஊரிலிருந்து வரும் சுறாக் கருவாட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். பாலூட்டும் காலத்தில் வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம் என்பதுதான் அளவு. சாளையும் கானாங்கெளுத்தியும் வாரம் இரண்டு வேளை தாராளமாகச் சாப்பிடலாம். நன்றாக வெந்த இறாலும் நண்டும் ஆகும். இரத்தம் ஊறட்டும் என்று ஊரில் வற்புறுத்திக் கொடுக்கும் ஈரலை இங்கே கூடாது என்பார்கள், ஏனெனில் அதிலுள்ள மிகையான வைட்டமின் ஏ குழந்தைக்கு ஆகாது. மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அப்படியே. பழுத்த பப்பாளியைக் கண்டு நடுங்க வேண்டாம், காயை மட்டும் விட்டுவிடுங்கள். காப்பி நாளுக்கு இரண்டு குவளையோடு நிற்கட்டும். மண்ணோ சாம்பலோ தின்னும் ஆசை வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும்.

நடு மாதங்கள் பெரும்பாலும் இலகுவானவை. 18 முதல் 21 வாரத்துக்குள் நடக்கும் இரண்டாம் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டால் பல மருத்துவமனைகளில் சொல்வார்கள். நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கும் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் ஊருக்கு அறிவிக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள், வேண்டாம் என்பது என் கருத்து. 16 வாரத்திலிருந்து கக்குவான் தடுப்பூசி உண்டு. தெற்காசியர் என்பதாலேயே 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சர்க்கரையைச் சோதிப்பார்கள். வேலையைப் பொறுத்தவரை, தாமதிக்காமல் சேருங்கள். முதலாளி தரும் மகப்பேற்று ஊதியத்துக்கு வேண்டிய பணிக்காலம் உங்களுக்குப் போதாது. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 66 வாரத்தில் 26 வாரம் வேலை பார்த்தவர்களுக்கு அரசு தரும் மகப்பேற்றுப் படி கிடைக்க வழியுண்டு, அதை வாங்குவது விசாவைப் பாதிக்காது. கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டால், முதியவர்களைத் தூக்கும் வேலையால் உங்களுக்கு வரக்கூடிய ஆபத்தை மதிப்பிட்டு வேலையை மாற்றித் தருவது முதலாளியின் கடமை.

ஏழாம் மாதம் ஊருக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். 28 வாரத்துக்குப் பின் விமான நிறுவனங்கள் பொதுவாக மருத்துவக் கடிதம் கேட்கும், நீண்ட நேரம் அமர்ந்து வருவது காலில் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், அங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தனி விசா எடுக்காமல் திரும்ப முடியாது. இங்கே பிறந்தாலும் பிரிட்டிஷ் குடியுரிமை தானாகக் கிடைக்காது என்பது உண்மைதான். 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, இந்தியத் தூதரகம் வழியே பாஸ்போர்ட் வாங்கி, பயணத்துக்கு முன் விசாவும் பெற வேண்டும். ஆயினும் அந்த அலைச்சலைப் பச்சை உடம்போடு கணவரைப் பிரிந்திருந்து செய்யவேண்டியதில்லையே. வளைகாப்பை வீட்டிலேயே நடத்திக்கொண்டு, ஆறு மாதம் வரை தங்கக்கூடிய பார்வையாளர் விசாவில் அம்மாவை வரவழையுங்கள். அவருக்கு மருத்துவம் கட்டணத்தோடுதான் என்பதால் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள்.

கடைசி மூன்று மாதங்களில்தான் நம் பெண்கள் தயங்கியே கெடுகிறார்கள். அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், நள்ளிரவாக இருந்தாலும் மகப்பேற்றுப் பிரிவை உடனே அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது தவறு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பில்லாத அரிப்பு வந்தால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். தெற்காசியப் பெண்களிடம் சற்று அதிகமாகக் காணப்படும் கல்லீரல் கோளாறாக அது இருக்கலாம், இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கடும் தலைவலி, பார்வை மங்கல், விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல் ஆகியவை இரத்த அழுத்தத்தின் எச்சரிக்கை. 28 வாரம் முதல் ஒருக்களித்துப் படுங்கள்; பிறந்த குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமிக்கான தடுப்பூசியையும் அப்போது கேளுங்கள். வலி கண்டதும் ஓடிப்போனால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீராக வரட்டும் என்று திருப்பி அனுப்பக்கூடும். பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் கண்டாலோ அந்தக் கணக்கு பொருந்தாது.

சுகப்பிரசவம் என்றால் ஒரு நாளுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதன்பின் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்ப்பார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம் முதலான நாட்டு மருந்துகளை அம்மா கொண்டுவந்தால் மிட்வைஃபிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். பிறந்த பிள்ளையின் நாவில் சேனை வைக்கும்போது தேனைத் தொட்டு வைக்கவே கூடாது, ஒரு வயது முடியும் வரை தேன் ஆகாது என்பதை அம்மா விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.