கடலோரத் தொடர்மாடி வீட்டை விற்கும்போது அதன் குறைகளை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா?

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த சொகுசு வீடு ஒன்றை விற்கப் போகிறீர்கள். பல்கனிக் கம்பியில் துரு, மழைக்காலத்தில் கசிவு. "பெயின்ட் அடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்" என்கிறார் தரகர். சொல்வதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லுங்கள். நான் சொன்னேன். அதனால் எனக்கு 45 இலட்சம் ரூபாய் குறைந்தது. என் சொந்தத் தங்கை இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்படியிருந்தும் சொல்லுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. 31 வருடம் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். "உங்களுக்கு வசதி இருந்தது, சொல்லிவிட்டீர்கள்; எல்லோருக்கும் முடியுமா?" என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள் என்பதும் தெரியும். அந்த வீடு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து யாழ்ப்பாணத்தில் காணி விலை ஏறியபோது, கொக்குவிலில் இருந்த என் இரண்டு பரப்புச் சீதனக் காணியை விற்றோம். அந்தப் பணத்தோடு வங்கி ஊழியர்களுக்குக் கொடுக்கும் வீட்டுக் கடனையும் சேர்த்து, 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில், மரைன் டிரைவ் ஓரமாக ஏழாம் மாடியில் மூன்று அறை வீட்டை 2 கோடி 35 இலட்சத்துக்கு வாங்கினோம். கடன் கட்டி முடிய ஒன்பது வருடம் எடுத்தது. அந்த ஒன்பது வருடமும் நான் ஒரு நல்ல சேலை வாங்கவில்லை.

பெப்ரவரியில் வாங்கினோம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த மாதத்தில் கொழும்புக் கடல் குளம் போலக் கிடக்கும். கட்டட நிறுவனத்தின் ஆள் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஒதுங்கி நின்றார். கீழே மரைன் டிரைவ், அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். தெஹிவளைப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து போனது. என் கணவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். அதற்குமேல் நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கியது. செப்டம்பர் வரை அது நேராக எங்கள் பல்கனியில்தான் வந்து மோதும். சாய்ந்து அடிக்கும் மழை, தள்ளுகதவின் அடித் தண்டவாளத்தில் நிரம்பி உள்ளே வழிந்தது. இவருடைய பழைய சாரங்களை முறுக்கிக் கதவடியில் வைத்தோம். அடுத்த வருடமும் வைத்தோம். பிறகு அதற்கென்றே நான்கு சாரங்களை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தேன்.

மழையை விடக் கொடியது உப்பு. காலையில் துடைத்த கண்ணாடியில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். பல்கனிக் கம்பி துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாம் வருடமே அதில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் புள்ளிகள் படர்ந்தன. வெல்டிங் வேலைக்கு வந்தவர்தான் விளக்கினார்: துருப்பிடிக்காத எஃகிலும் இரகம் உண்டு. 304 என்பது சமையலறைக்குப் போதும். கடற்காற்றுக்கு மொலிப்டினம் கலந்த 316 வேண்டும். விலை கூடுதல் என்பதால் கட்டுபவர்கள் பலர் போடுவதில்லை. குளிரூட்டியின் வெளிப்பெட்டியைத் திருத்த வந்த தம்பி அதன் அலுமினியத் தகடுகளின் மேல் கட்டைவிரலை மெதுவாக இழுத்துக் காட்டினார். தகடு அப்படியே சாம்பலாக உதிர்ந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. பத்து வருடத்தில் மூன்று பெட்டிகள் மாற்றினோம்.

கொங்கிரீட்டும் தப்பாது. உப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் மேலே மூடியிருக்கும் கொங்கிரீட்டை வெடிக்கச் செய்யும். எங்கள் கட்டடத்தில் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் மூன்றாம் தூணில் அந்த வெடிப்பு இருந்தது. சீமெந்து பூசி, வெள்ளை அடித்து, அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி வெடித்தது.

ஏன் ஒழுங்காகத் திருத்தவில்லை என்று கேட்பீர்கள். தொடர்மாடி வீட்டு உரிமையாளர் எல்லோரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். வெளிச்சுவர், தூண், மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதன் பொறுப்பு. எங்கள் கட்டடத்தில் 28 வீடுகள். அவற்றில் 11 வீடுகள் பூட்டிக் கிடந்தன. உரிமையாளர்கள் இலண்டனில், சிட்னியில், ஸ்காபுரோவில். கோயில் திருவிழாவுக்கு வருவது போல வருடத்தில் இரண்டு கிழமை வந்து போவார்கள். மாதக் கட்டணம் கேட்டால், "நாங்கள் அங்கே இருப்பதே இல்லையே, எதற்குக் கட்ட வேண்டும்?" என்பார்கள். நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் சுவரில் உப்புப் படிகிறது என்று மூன்று வருடம் பொருளாளராக இருந்து கடிதம் எழுதியவள் நான். வெளிநாட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மகளும் மெல்பேர்னில்தான் இருக்கிறாள்.

2022இல் நிலைமை முற்றிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முழங்கால் தேய்ந்த என் கணவர் ஏழு மாடி ஏறினார். நான்காம் மாடித் திருப்பத்தில் நாற்காலி ஒன்று போட்டு வைத்திருந்தோம். அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மிச்சத்தை ஏறுவார். அந்த நாற்காலியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைப் பார்த்த அன்றுதான் விற்பது என்று முடிவெடுத்தேன்.

தரகர் 5 கோடி 40 இலட்சம் சொன்னார். பேராசை இல்லை, அந்த நேரத்துக் கணக்கு. ஒரு வருடத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போய்விட்டது. வெளிநாட்டுக் காசு வைத்திருப்பவர்களுக்கு வெள்ளவத்தை திடீரென்று மலிந்துவிட்டது. 2023 ஜனவரியில் கனடாவிலிருந்து ஒரு தம்பதியைக் கூட்டிவந்தார். நாற்பது வயது மதிக்கலாம். தரகரின் ஏற்பாட்டில் பல்கனிக் கம்பி பளபளத்தது, சுவரில் புதுப் பெயின்ட், கடல் குளம் போலக் கிடந்தது. அந்தப் பெண் பல்கனியில் போய் நின்றார். கணவர் அவரைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு முன் நாங்கள் நின்ற அதே இடம்.

அந்தப் பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அன்ரி, 2004இல் சுனாமித் தண்ணீர் இதுவரைக்கும் வந்ததா?"

"ஏழாம் மாடிக்கு அது வராது பிள்ளை, இருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். போன ஜூனில் மகளுக்கு அனுப்ப எடுத்த காணொளி அதில் இருந்தது. கதவடியில் நான்கு சாரம், அதையும் தாண்டி மண்டபத்துக்குள் ஓடும் தண்ணீர், பின்னால் காற்றின் ஊளை. இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பிறகு கீழே கூட்டிப்போய் மூன்றாம் தூணையும் காட்டினேன். கூட்டுத்தாபனத்துக்கு வர வேண்டிய நிலுவைக் கணக்கையும் கொடுத்தேன். தரகர் வாசலில் நின்று, "என்னம்மா இப்படிச் செய்துவிட்டீர்களே" என்றார். அவருடைய வருத்தமும் நியாயமானதுதான். தரகுப் பணம் விலையில் வீதமாக வருவது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்குக் கதைக்கு அப்பால் ஒரு காரணமும் உண்டு. அவர்கள் கனடாப் பிரஜைகள், இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் முழு விலையும் விற்பனை உறுதிப் பத்திரம் எழுதும் முன்னரே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் உழைத்த பணம் முழுவதும் முதலே வந்துவிடுகிறது. அதற்கு ஈடாக அவர்கள் கையில் இருப்பது நான் சொல்லும் சொல் மட்டும். அந்த இடத்தில் எப்படி மறைப்பது? சட்டத்துக்குப் பயந்து சொல்வதானாலும் சொல்லத்தான் வேண்டும். நம் நாட்டில் வீடு, காணி விற்பனைக்கு ரோமன்-டச்சுச் சட்டம்தான் அடிப்படை. கண்ணுக்குத் தெரியாத குறையைத் தெரிந்துகொண்டே மறைத்து விற்றவர், "இருந்தபடியே விற்றேன்" என்று சொல்லித் தப்புவது கடினம் என்று எங்கள் நொத்தாரிசே சொன்னார்.

ஒன்பது நாள் ஒரு சத்தமும் இல்லை. தங்கை இலண்டனிலிருந்து அழைத்து, "அக்கா, உங்களுக்கு என்ன விசரா? வாங்க வந்தவன் பார்த்து வாங்க வேண்டியது அவன் பாடு" என்றாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு நித்திரை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொள்கை பேசுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பத்தாம் நாள் ஒரு பொறியியலாளரோடு வந்தார்கள். அவர் சிறு சுத்தியலால் தூணைத் தட்டிப் பார்த்தார், பல்கனி அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார், கணக்குப் போட்டார். 4 கோடி 95 இலட்சத்துக்கு முடிந்தது.

இனி எழுதப்போவது நீங்கள் கேட்காத விஷயம். எழுதாமல் விட மனம் வரவில்லை.

உறுதி எழுதும் நாள். நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள், வாங்குபவர்கள், நாங்கள். வீடு என் பெயரில், என் பெயரில் மட்டும். நான் கையெழுத்துப் போட்டேன். நொத்தாரிசு தாள்களைத் திருப்பி இவர் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். நாங்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களாம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமாம். ஆதனம் கொழும்பில் இருந்தாலும் அந்தச் சட்டம் கூடவே வருகிறது. இதே கட்டடத்தில் ஐந்தாம் மாடிச் சிங்களப் பெண் தன் வீட்டைத் தனியாகக் கையெழுத்திட்டு விற்றுவிட்டுப் போனார். என் கணவருக்கு அவருடைய காணியை விற்க என் சம்மதம் தேவைப்படவில்லை. கோடிக்கணக்கான ரூபாய்க் கடன் கோப்புகளில் கையெழுத்திட்டு அனுமதித்த கை இது. இவர் நல்ல மனிதர். "மன்னித்துக்கொள்" என்பது போல என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஒப்பமிட்டார். கோபம் அவர் மேல் இல்லை. நூறு வருடம் கடந்த அந்தப் பிரிவை இன்னும் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்பதில்தான். தேசவழமை நம் பண்பாடு, அதில் கை வைக்காதே என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சீதனம் பெண்ணுக்கு என்று அதே தேசவழமைதான் சொல்கிறது. சொத்தைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுச் சாவியை ஆணிடம் கொடுப்பது என்ன நியாயம்?

நீங்கள் பெண்ணாக இருந்து யாழ்ப்பாணப் பூர்வீகமாக இருந்தால் உங்களுக்கும் இது வரலாம். கணவர் வெளிநாட்டில் என்றால் அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். கடைசி நாளில் தேடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாயால் சொல்வதோடு விடாதீர்கள். குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, விற்பனை உடன்படிக்கையோடு இணைத்து, இரு தரப்பும் ஒப்பமிடுங்கள். கட்டடம் அனுமதித்த திட்டப்படி கட்டப்பட்டது என்ற இணக்கச் சான்றிதழ், மாநகரசபைக்குக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு, கூட்டுத்தாபனத்தின் நிலுவையில்லைக் கடிதம் எல்லாவற்றையும் அதே கோப்பில் வையுங்கள். முத்திரை வரியை வாங்குபவர் கட்டுவதுதான் வழக்கம். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்லி யாராவது கேட்டால் உடன்படாதீர்கள்.

என் தாளில் 14 குறைகள் இருந்தன. தூண், கதவுத் தண்டவாளம், கம்பி என்று பெரியவற்றை எழுதி முடித்த பிறகு, வீட்டை ஒரு முறை சுற்றி நடந்து மிச்சத்தையும் எழுதினேன். கடைசி வரி இது: "அடுப்படி ஜன்னலின் இடது கொளுக்கி தேய்ந்துவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை பின்னேரத்தில் அதைத் திறக்க வேண்டாம். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்." அந்தப் பெண் அந்த வரியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.