அடுப்புப் புகையும் அம்மாவின் பிரஷரும்

கேள்வி: ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. கொழுந்து எடுத்தவர், இப்போது வீட்டில்தான். மாத்திரை போட்டும் கிளினிக்கில் பிரஷர் 150க்குக் கீழே வருவதில்லை. லயத்தில் விறகு அடுப்பு. புகையாலும் பிரஷர் ஏறும் என்கிறார்கள். ஆனால் போனில் பார்த்தால் ஹட்டன் காற்று ‘நல்லது’ என்றே காட்டுகிறது. எதை நம்புவது? காற்றைச் சுத்தமாக்கும் மெஷின் ஒன்று வாங்கலாமா?

பதில்: புகையால் பிரஷர் ஏறும், அது உண்மை. போன் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. போன் சொல்வது வெளிக்காற்றை. அதையும் பல செயலிகள், பக்கத்தில் கருவி இல்லாத இடங்களில், செய்மதித் தரவை வைத்துக் கணித்துத்தான் சொல்கின்றன. உங்கள் அம்மா காலையும் மாலையும் இழுப்பதோ குசினிக் காற்று. மெஷின் வேண்டாம். அந்தக் காசைப் புகைக்கூண்டுக்கு வையுங்கள்.

விறகுப் புகையில் 2.5 மைக்ரோமீற்றரை விடச் சிறிய துகள்கள் ஏராளம். மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். அங்கே நரம்புகள் தூண்டப்படுவதால் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் ஏறுகிறது. இது அடுப்படியில் நிற்கிற நேரத்திலேயே நடக்கக்கூடியது. வருடக்கணக்கில் அதே புகையில் நின்றால் குழாய்களின் உட்சுவரில் அழற்சி நிலைத்துவிடும். விரிய வேண்டிய நேரத்தில் அவை விரியாது.

சரி, எவ்வளவு ஏறும்? குவாத்தமாலா மலைநாட்டில், திறந்த அடுப்பில் சமைத்த பெண்களுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கட்டிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான முடிவில் மேல் அழுத்தம் சராசரியாக 3.7, கீழ் அழுத்தம் 3.0 அளவு குறைவாக இருந்தது. எல்லா ஆய்வுகளிலும் இந்த அளவு குறையவில்லை. ஆகவே அடுப்பை மட்டும் மாற்றி 150ஐ 130 ஆக்கிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் தோட்டங்களில் இருக்கிற எல்லோருக்கும் மூன்று புள்ளி குறைந்தால், மொத்தத்தில் பாரிசவாதமும் மாரடைப்பும் குறைய வாய்ப்புண்டு.

அம்மாவின் மிச்சப் பிரஷருக்கு வேறு காரணங்களையும் தேட வேண்டும். மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறதா? கருவாடு, ஊறுகாய் எவ்வளவு? வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: வலி மாத்திரை. கூடை சுமந்த முதுகுக்கும் முழங்காலுக்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கி நாள்தோறும் போடுகிறவர்கள் தோட்டங்களில் நிறையப் பேர். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், சில பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி வெளிக்காற்றுக்கான தர அளவுகள். உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் இந்த நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமையும், 24 மணிநேரச் சராசரி 15ஐயும் தாண்டக்கூடாது என்றது. இலங்கையில் 2008இல் வகுத்த அளவு முறையே 25, 50. அதாவது ஆண்டுச் சராசரியில் உலக அளவைப்போல் ஐந்து மடங்கு அழுக்கான காற்றுகூட இங்கே சட்டப்படி சரியான காற்று. இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்டி போன்ற, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் நகரத்தில் வாகனப் புகை கலைய வழியில்லாமல் தேங்கும். 2022 டிசம்பரில் வளி மாசு கூடி அரச பாடசாலைகளை மூடிய நாளையும் மறக்கக்கூடாது. ஆனால் அந்த 25உம் 50உம் வெளிக்காற்றுக்கானவை. புகைக்கூண்டு இல்லாத விறகுக் குசினியில் சமைக்கும்போது அளவு பல நூறைத் தொடும், சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும். அதை எந்த நிலையமும் அளப்பதில்லை.

ஆகவே குசினிக்கு வருவோம். முடிந்தால் காஸ் அல்லது கரண்ட். சோற்றுக்கு மட்டுமாவது ரைஸ் குக்கர் வைத்தால் அடுப்பு எரியும் நேரம் நன்றாகக் குறையும். லயத்து வயரிங் தாங்குமா என்று முதலில் ஆள் வைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறாதீர்கள், அதன் புகையும் கெடுதல். விறகுதான் கதி என்றால் புகைக்கூண்டு கூரை முகட்டுக்கு மேலே நிற்க வேண்டும். தகரத்துக்குக் கீழேயே முடிந்தால் புகை மறுபடி காம்பராவுக்குள் வரும். புகைக்கரியை அடிக்கடி தட்டிவிடுங்கள். கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளை, ஈரத்தோடு எரிக்காதீர்கள். இஸ்தோப்பில் மழை படாமல் அடுக்கி, உள்ளேயும் காய்ந்த பிறகு எடுங்கள். பற்ற வைக்க ஷொப்பிங் பேக் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பருப்பை ஊறவைத்து, சட்டியை மூடிச் சமையுங்கள். தேத்தண்ணிக்கு ஒரே தடவையில் தண்ணீர் கொதிக்க வைத்து பிளாஸ்கில் ஊற்றிவிட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவை அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. குளிருக்குப் பயந்து சன்னலை அடைக்க வேண்டாம். குளிரும் பிரஷரை ஏற்றும்தான், அதற்கு ஸ்வெட்டர் போடட்டும்.

இதையெல்லாம் செய்து பலன் இருக்கிறதா என்று தெரிய வீட்டில் பிரஷர் பாருங்கள். மேற்கையில் கட்டும் கருவி போதும். காலையில் அடுப்பு மூட்டுவதற்கும் மாத்திரைக்கும் முன்னால், பிறகு மாலையில். தேத்தண்ணி குடித்து அரை மணிநேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ஒரு வாரம் எழுதி, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை எடுங்கள். அது 135/85ஐத் தாண்டினால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அந்தத் தாளோடு போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எப்போதாவது 180/120ஐத் தாண்டி, நெஞ்சு வலியோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ கண்டால் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.