தெருவில் படுப்பவர்களுக்கு அரசு என்ன செய்ய வேண்டும்? செட்டிநாட்டிலிருந்து வந்த கேள்விகள்

நகர்ப்புற வறுமை ஒழிப்புத் திட்டங்களில் களப்பணி செய்தவன் என்ற முறையில், வீடற்றோர் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கடைக்காரர், காரைக்குடி): ராத்திரி கடையைப் பூட்டியதும் வாசல்படியில் நாலைந்து பேர் படுத்துவிடுகிறார்கள். போலீசில் சொன்னால் ஒரு வாரம் காணோம், அப்புறம் திரும்ப வந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக ஒரு வழி இல்லையா சார்?

பதில்: விரட்டினால் அடுத்த கடை வாசலுக்குப் போவார்கள், அவ்வளவுதான். நீங்கள் மனு கொடுக்க வேண்டிய இடம் காவல் நிலையம் இல்லை, மாநகராட்சி. 2013இல் வந்து 2024இல் முடிந்த மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி, நகரத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் காப்பகம் இருக்க வேண்டும் என்று இருந்தது. ஆளுக்கு 50 சதுர அடி, வருஷம் முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே காரைக்குடியின் மக்கள்தொகை 1,06,714. கணக்கு நமக்கும் பொருந்துகிறது. உங்கள் வீதிக் கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி (ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்): எங்கள் வீதியில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. இத்தனை பெரிய வீடுகளை வைத்துக்கொண்டு ஊரில் ஆட்கள் வெறுந்தரையில் படுக்கிறார்களே என்று மனசு கேட்கவில்லை. அரசாங்கம் எடுத்துக் கொடுக்கக் கூடாதா தம்பி?

பதில்: உங்கள் மனசுக்கு நன்றி ஆச்சி. ஆனால் இது நடப்பது கஷ்டம். ஒரு வீட்டில் எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு கையெழுத்து சென்னையில், ஒன்று மலேசியாவில். அதைவிடப் பெரிய தடை இடம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் படுப்பவர்களில் பலர் வேலை பார்ப்பவர்கள். விடிவதற்குள் மூட்டை இறக்கப் போவார்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுவார்கள். பஸ் ஏறிப் போகிற தூரத்தில் அரண்மனையே கொடுத்தாலும் வேலை பக்கத்தில் இருக்கிற திண்ணையைத்தான் தேடி வருவார்கள். காப்பகம் வேலை இடத்துக்கும் அவர்கள் கூடும் இடத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன இயக்கத்தின் விதியே சொன்னது.

ஆனால் ஒரு வழி உண்டு. காசியிலும் பழனியிலும் ராமேஸ்வரத்திலும் விடுதி கட்டி நடத்துகிற நகரத்தாருக்கு இது புது வேலை இல்லை. காரைக்குடிக்குள்ளேயே ஒரு கட்டடத்தை மாநகராட்சிக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். முடிந்தால் நடத்துகிற செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டுவது ஒரு தடவைச் செலவு. காவலாள் சம்பளம், கக்கூஸ் கழுவ ஆள், தண்ணீர் இதெல்லாம் மாசாமாசம் வரும். காப்பகங்கள் படுத்துவிடுவது இங்கேதான்.

கேள்வி (கல்லூரி மாணவர்): பிச்சை எடுப்பது குற்றமா ஐயா?

பதில்: தமிழ்நாட்டில் பிச்சையைத் தடுக்கும் 1945ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இன்னும் ஏட்டில் இருக்கிறது. டெல்லியில் இதேபோன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அந்த உயர் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. 2021இல் பிச்சைக்குத் தடை கேட்ட மனுவில் உச்ச நீதிமன்றமும் தடை விதிக்க மறுத்து, வறுமைதான் இதற்குக் காரணம் என்ற பார்வையை எடுத்தது. 2022இல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்மைல் திட்டம் மறுவாழ்வைப் பேசுகிறது. திருவிழாவுக்கு முன்னால் ஆட்களை வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுவதற்குப் பெயர் மறுவாழ்வு இல்லை.

கேள்வி (தேவகோட்டை வாசகி): கோயில் வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு மகன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம்.

பதில்: 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். உங்களுக்கு உள்ளூரிலேயே கோட்டாட்சியர் இருக்கிறார். பாட்டியால் முடியாவிட்டால் அவர் சொல்கிற வேறொருவர் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தென்றால் பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். முதியோரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. முதலில் 14567க்குப் போன் செய்யுங்கள், முதியோருக்கான இலவச உதவி எண் அது. இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. அந்த வயதில் ஒவ்வொரு ராத்திரியும் ஆபத்து.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர்): மனநிலை சரியில்லாத ஒருத்தர் ரோட்டில் திரிகிறார். பக்கத்தில் போக ஆட்கள் பயப்படுகிறார்கள். யாரிடம் சொல்ல அண்ணே?

பதில்: இதற்குக் காவல் நிலையம்தான். 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் கடமை. பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள் தம்பி, பேச்சின் போக்கே மாறும்.

கேள்வி (கடைக்காரர், மறுபடி): சரி சார், காப்பகத்தில் சேர்த்தால் முடிந்ததா?

பதில்: அங்கேதான் ஆரம்பிக்கிறது. முகவரி இல்லாதவருக்கு ஆதார் இல்லை, ஆதார் இல்லாதவருக்கு ரேஷனும் மாதம் 1,200 ரூபாய் முதியோர் ஓய்வூதியமும் எட்டாது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாருக்குப் பதியலாம். வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்றே வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்தால் போதும். உங்கள் படியில் படுப்பவர்களிடம் பெயரும் ஊரும் கேட்டு எழுதி, மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.