வாசகர் கேள்வி: சீனக் கல்யாணத்தில் மொய் எவ்வளவு?

கேள்வி: ஷாங்காயில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் சீனப் பெண்ணின் கல்யாணத்துக்கு 1001 யுவான் வைக்கலாமா?

பதில்: அந்த ஒரு யுவானை எடுத்துவிடுங்கள். நமக்கு ஒன்று கூட்டி வைத்தால்தான் மங்கலம். அங்கே கல்யாணத்துக்கு இரட்டைப்படை, துக்கத்துக்கு ஒற்றைப்படை. 600, 800, 1000 என்று வைப்பது வழக்கம். 4 வரும் தொகை வேண்டாம்; சீனத்தில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. 250-ம் கூடாது, அது மடையனைக் குறிக்கும் சொல். 1001, 10,001 ஆகிய தொகைகளும் உண்டு. ஆனால் ‘ஆயிரத்தில் ஒருத்தி’, ‘பத்தாயிரத்தில் ஒருத்தி’ என்ற பொருளில் மாப்பிள்ளை வீட்டார் மருமகளுக்குத் தருபவை அவை. விருந்தாளி தருவதல்ல.

எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும். குவாங்தோங் மாகாணத்தில் சிறு தொகையே போதும். வாங்கிய உறையில் கொஞ்சம் வைத்துத் திருப்பித் தருவதும் அங்கே உண்டு. உங்கள் நிலையிலேயே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு, அவர் வைப்பதையே வையுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள். துணையோடு போனால் தொகையைக் கூட்டுங்கள்.

புது நோட்டுகளைச் சிவப்பு உறையான ஹொங்பாவில் போட்டு, உறையின் மேல் பெயர் எழுதுங்கள். மண்டப வாசலில் மேசை போட்டு, நம் மொய் நோட்டைப் போலவே பெயரையும் தொகையையும் பதிவார்கள். நாளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அதைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்வார்கள். வெளிநாட்டவர் தவறுவது இங்கேதான்: கடவுச்சீட்டில் உள்ள நீளப் பெயரை எழுதினால் யாரென்று அந்த வீட்டாருக்குத் தெரியாது. அவர்கள் உங்களைக் கூப்பிடும் பெயரை எழுதுங்கள்.

போக முடியாவிட்டால், அங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் (WeChat) செயலியில் அனுப்பலாம். அதில் ஒரு ஹொங்பாவில் வழக்கமாக 200 யுவானுக்கு மேல் போகாது. பெரிய தொகைக்குப் பணப் பரிமாற்ற வசதியைப் பயன்படுத்துங்கள். 24 மணி நேரத்துக்குள் ஏற்காவிட்டால் பணம் உங்களிடமே திரும்பிவிடும். கல்யாண நாள் பரபரப்பில் அவர்கள் கவனிக்காமல் போகலாம் என்பதால், முந்தின நாளே அனுப்புவது நல்லது.

கேள்வி: மாப்பிள்ளைத் தோழனாக வரச் சொல்கிறார்கள். என்ன வேலை இருக்கும்?

பதில்: காலையில் பெண் வீட்டுக்குப் போய்ப் பெண்ணை அழைத்து வர வேண்டும். தோழிகள் கதவை அடைத்துக்கொண்டு ஹொங்பாவ் கேட்பார்கள். சில யுவான் போட்ட சின்ன உறைகளை நிறையவே கையில் வைத்திருங்கள். கதவிடுக்கில் நுழைக்க அவைதான் உதவும். உள்ளே போனால் பெண்ணின் செருப்பை ஒளித்து வைத்திருப்பார்கள். அதைத் தேடி மாப்பிள்ளை அவளுக்கு அணிவித்த பிறகுதான் புறப்பாடு. மணமக்கள் இரு வீட்டுப் பெற்றோருக்கும் தேநீர் தருவார்கள். அதுவரை மாமா, அத்தை என்றவர்களை அப்போதுதான் முதல்முறை ‘அப்பா, அம்மா’ என்று அழைக்க வேண்டும். அதற்கும் தனியாக ஒரு ஹொங்பாவ் உண்டு.

விளையாட்டு நீண்டு புறப்படும் நல்ல நேரம் தவறுவதுதான் அடிக்கடி நடக்கும் சிக்கல். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வதும் தோழன் வேலைதான். சில ஊர்களில் மாப்பிள்ளையைக் கட்டி வைப்பது, தோழிகளைச் சீண்டுவது என்று கேலி எல்லை மீறும். அதில் சேராதீர்கள், தடுக்க முடிந்தால் தடுங்கள்.

கேள்வி: என்ன உடுத்தலாம்? நான் குடிப்பதில்லை, விருந்தில் எப்படிச் சமாளிப்பது?

பதில்: முழு வெள்ளை, முழுக் கறுப்பு வேண்டாம், சிவப்பு மணப்பெண்ணுக்கு உரியது. அழைப்பிதழில் 11:58, 18:08 என எட்டு வரும் நேரம் இருந்தால் அரைமணி முன்பே போய்விடுங்கள். மணமக்கள் மேசை மேசையாக வரும்போது எழுந்து நின்று, தேநீர்க் கோப்பையை உயர்த்தினால் போதும். மதுவுக்குப் பதில் தேநீர் என்பது அங்கே ஏற்கப்பட்ட வழக்கம். பெரியவர்களோடு கோப்பையை முட்டும்போது உங்களுடையது சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். சைவம் என்றால் சில நாள் முன்பே சொல்லுங்கள். முழு மீன், கோழி என்று வரும் விருந்தில் அன்றைக்குக் கேட்டால் கீரைதான் கிடைக்கும். சாப்பிட்டதும் எல்லோரும் சட்டென்று கிளம்புவார்கள், நீங்களும் கிளம்பலாம்.

கேள்வி: சீனப் பெண்ணை மணக்கப்போகிறேன். விருந்து நடந்தால் கல்யாணம் சட்டப்படி செல்லுமா?

பதில்: செல்லாது. குடிமை விவகார அலுவலகத்தில் பதிந்து, சிவப்புச் சான்றேடு வாங்கினால்தான் கல்யாணம். ஆணுக்கு 22, பெண்ணுக்கு 20 வயது நிறைந்திருக்க வேண்டும். 2025 மே 10 முதல் சீனக் குடிமக்கள் நாட்டில் எங்கும் பதியலாம். ஆனால் வெளிநாட்டவர் திருமணத்தை எல்லா அலுவலகத்திலும் பதிய மாட்டார்கள். எந்த அலுவலகம் என்று முதலில் கேளுங்கள். கடவுச்சீட்டோடு, மணமாகாதவர் என்பதற்கான சான்றும் அதன் சீன மொழிபெயர்ப்பும் வேண்டும். அந்தச் சான்றை வாங்கி உறுதிசெய்யத்தான் நாளாகும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அதைத் தொடங்கிவிடுங்கள்.