வெள்ளை அடி இருந்தால்தான் கன்று

கேள்வி: ஒட்டும் இலைகளால் பொடிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பட்டர்வோர்ட் செடியின் இலைகளைக் கத்தரித்து ஈர மணலில் வைத்தேன். மூன்று முறையும் அழுகிவிட்டன. எங்கே தவறு?

பதில்: கத்தரித்ததில்தான். கன்று கிளம்புவது பெரும்பாலும் இலையின் அடியில், தண்டை ஒட்டியுள்ள வெள்ளைப் பகுதியில். அது செடியிலேயே தங்கிவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் தழை. இலையை விரல்களால் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டே கீழ்நோக்கி இழுங்கள். அடியோடு கழன்று வரும்.

பருவமும் முக்கியம். மொரானென்சிஸ், எஸ்ஸெரியானா போன்ற மெக்சிகோ வகைகள் குளிர்காலத்தில் பெரிய ஒட்டும் இலைகளை விட்டுவிட்டு, பசையில்லாத சின்னத் தடித்த இலைகளை அடுக்கும். அவை சுலபமாகக் கழலும், சுலபமாக முளைக்கும். பெரிய இலை மறுபடி தலைகாட்டும் நேரத்தில் நன்கு வளர்ந்த ஒரு செடியில் ஐந்தாறு எடுக்கலாம். கோடை இலையிலும் கன்று வரும், ஆனால் அழுகலும் அதிகம்.

மூடியுள்ள டப்பாவில் 2 செ.மீ. உயரத்துக்குப் பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) போட்டு, பிழிந்த துணி அளவுக்கு ஈரமாக்குங்கள். இலைகளைப் புதைக்காமல், மேல்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள். நேர்வெயில் வேண்டாம், மூடிய டப்பாவுக்குள் இலை வெந்துவிடும். அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள். 3 முதல் 6 வாரத்தில் அடியில் கடுகளவு பச்சை தெரியும். கன்று 1 செ.மீ. அகலமாகி வேரும் விட்டபின் தொட்டிக்கு மாற்றலாம்.

கேள்வி: தொட்டிக்கு என்ன கலவை? எவ்வளவு தண்ணீர்?

பதில்: பெர்லைட் 2 பங்கு, வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் கனிமச் செதில்) 1 பங்கு, கழுவிய கரட்டு சிலிக்கா மணல் 1 பங்கு. உரம் கலந்த தோட்ட மண் கூடவே கூடாது. மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் இவற்றில் ஒன்று, டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50 பி.பி.எம்.-க்குள் இருக்கட்டும். வளரும் பருவத்தில் அடித்தட்டில் 1 செ.மீ. நீர் விட்டு, அது வற்றியபின் மறுபடி ஊற்றுங்கள். தடித்த இலைப் பருவத்தில் தட்டை எடுத்துவிட்டு, கலவை முழுக்கக் காயாத அளவுக்குத் தெளித்தால் போதும். அப்போது நிறைய ஊற்றினால் குருத்து அழுகும். இந்தச் செடி சாவது பெரும்பாலும் அப்படித்தான்.

கேள்வி: இலைகளில் பசையே இல்லை. நோயா?

பதில்: குளிர்கால இலை என்றால் இயல்பு. புதிதாகத் தொட்டி மாற்றியிருந்தால் ஓரிரு வாரம் பொறுங்கள். இலை நீண்டு வெளிறித் தொங்கினால் வெளிச்சக் குறைவு: எல்.இ.டி. விளக்கை 20–30 செ.மீ. உயரத்தில் வைத்து, நாளுக்கு 12–14 மணி நேரம் எரியவிடுங்கள். லேசான இளஞ்சிவப்பு ஏறினால் வெளிச்சம் போதுமென்று அர்த்தம்.

கேள்வி: வீட்டு ஈக்களைப் பிடிக்குமா? இறைச்சித் துண்டு வைக்கலாமா?

பதில்: ஈ பிய்த்துக்கொண்டு போய்விடும். தொட்டி மண்ணில் பறக்கும் பொடிக் கொசுக்கள்தான் இதற்கு ஏற்ற இரை. இறைச்சி வைத்தால் அது அழுகி இலையையும் கெடுக்கும். பூச்சியே கிடைக்காத வீட்டில், மீனுக்குப் போடும் உலர்ந்த புழுவைப் பொடித்து ஓரிரு இலைகளில் ஒரு சிட்டிகை தூவலாம், மாதம் ஒருமுறை.