லஞ்ச் பேக்: வாடை, கறை, பூஞ்சணம் - வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பைக்குள் சாம்பார் கொட்டி ஒரு வாரம் ஆகிறது. தினமும் துடைக்கிறேன். காலையில் வாடை இல்லை, மதியம் சூடான டப்பாவை வைத்ததும் புளித்த வாடை கிளம்புகிறது. ஏன்? (குகை, சேலம்)

நீங்கள் துடைக்கும் இடத்தில் சாம்பார் இல்லை, அதனால்தான். இந்தப் பைகள் மூன்று அடுக்கு: வெளியே பாலியஸ்டர் துணி, நடுவில் ஃபோம், உள்ளே பளபளக்கும் ஃபாயில் அல்லது வெள்ளை பிளாஸ்டிக் சீட். உள் சீட்டில் தண்ணீர் இறங்காது. ஆனால் மூலைகளைத் தைத்திருப்பார்கள். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வழி. அதன் வழியாக இறங்கிய குழம்பு சீட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவில் தேங்கிப் புளிக்கும். சூடு பட்டதும் அந்த வாடை மேலே வரும். சென்ட் அடிப்பதால் பயனில்லை. இரண்டு வாடையும் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, பையின் அடித் தையல் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். பேப்பரில் ஈரமோ மஞ்சளோ ஏறினால் உள்ளே குழம்பு நிற்கிறது.

ஏறவில்லை என்றால் வேலை சுலபம். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் துலக்கும் லிக்விட் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தையல் நெடுகத் தேயுங்கள். பிழிந்த துணியால் துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை சோப்பை எடுங்கள். அடுத்து வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தையலில் மட்டும் தடவி, 10 நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். பை நன்றாகக் காய்ந்த பிறகு 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடாவை உள்ளே தூவி, ஜிப்பை மூடி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டித் துடையுங்கள். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவிடுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பொங்குவது கரியமில வாயு. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் வாடைக்கு வேலை செய்ய எதுவும் மிஞ்சாது.

பேப்பரில் ஈரம் ஏறினால் துடைத்துப் பிரயோசனமில்லை. அதே சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் பையை முழுக்க அமிழ்த்தி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். வெளியேறும் தண்ணீர் தெளியும் வரை தண்ணீரை மாற்றுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. தலைகீழாக, ஜிப் திறந்து, மின்விசிறிக்கு நேராக இரண்டு நாள் தொங்கவிடுங்கள். மலிவான சில பைகளில் ஃபோமுக்குப் பதில் சாதாரண ஸ்பாஞ்ச் இருக்கும். அது குழம்பையே குடித்துவிடும். அப்படிப்பட்ட பையில் இதற்குப் பிறகும் வாடை இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

வாஷிங் மெஷினில் போடலாமா? (ஓமலூர்)

பையின் லேபிளில் போடலாம் என்று இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். மெஷின் சுழற்றும்போது ஃபோம் மடங்கி, மடிப்பில் ஃபாயில் வெடிக்கும். கொதிநீரும் ஆகாது, சீட் ஒட்டு விட்டுக் கொப்பளிக்கும்.

வெள்ளை உள் சீட்டில் மஞ்சள் கறை. சோப்பு போட்டால் சிவப்பாகிறது! தட்டு வடை செட் கொண்டுபோன நாளில் பட்ட பீட்ரூட் கறையும் இருக்கிறது. (அம்மாப்பேட்டை, சேலம்)

சிவப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மஞ்சள் தூளின் நிறம் சோப்பு போன்ற காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் சிவக்கும். சோப்பைக் கழுவிவிட்டால் மறுபடி மஞ்சளாகும். அந்த நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெயைக் கறையில் தேய்த்து 5 நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். பிறகு எண்ணெய் போக சோப்புத் தண்ணீர். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். காலை வெயிலில் ஒரு மணி நேரம், பையை விரியத் திறந்து, இரண்டு மூன்று நாள் வையுங்கள். சேலத்துச் சித்திரை உச்சி வெயிலில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், சீட் விறைத்து உரிந்துவிடும். பீட்ரூட் தண்ணீரில் கரையும் நிறம். அன்றைக்கே பச்சைத் தண்ணீரில் துடைத்திருந்தால் போயிருக்கும்.

ஃபாயில் உள்ள பைக்கு ஒரு எச்சரிக்கை: பித்தளைச் சொம்புக்குப் போடுவதுபோல் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அலுமினியத்தைப் புளிப்பும் அரிக்கும் (வினிகரையும் சொன்ன நேரத்துக்கு மேல் விடாதீர்கள்), பிளீச்சிங் பவுடரும் அரிக்கும். கம்பி நாரும் கூடாது.

மழைக்காலத்தில் பைக்குள் கறுப்புப் புள்ளிகள் வருகின்றன. (ஏற்காடு)

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில், சேலத்தில் போல ராத்திரியோடு பை காயும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈரம் காயாமல் ஜிப்பை மூடி அலமாரியில் வைத்தால் பூஞ்சணம்தான்.

உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், பூஞ்சணத் தூள் பறந்து மூக்கில் ஏறும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலில் வைத்து, தண்ணீர் கலக்காத வினிகரில் நனைத்த துணியால் ஒற்றி 15 நிமிடம் விடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், அதன் பின் நல்ல தண்ணீர். அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பையை அடுப்பு எரியும் சமையலறையில், அடுப்பிலிருந்து மூன்றடியாவது தள்ளித் தொங்கவிடுங்கள். நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, நமத்ததும் மாற்றுங்கள். உபயோகிக்காத நாட்களிலும் ஜிப் திறந்தே இருக்கட்டும்.

புள்ளிகள் சீட்டுக்கு அடியில் தெரிந்தால், அல்லது வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், யோசிக்காமல் புதுப் பை வாங்குங்கள்.

நல்ல பைதான், ஆனாலும் மதியம் ஒரு மணிக்குள் தயிர்சாதம் புளிக்கிறது. (சூரமங்கலம்)

பை குளிரை உண்டாக்காது. வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. கூடவே சூடான குழம்பு டப்பாவும் வைக்கிறீர்களா? அப்படியானால் தயிர்சாதத்தை நீங்களே சூடாக்குகிறீர்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பை வேண்டும். ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்த ஜெல் பேக்கை (ஜெல் நிரப்பிய குளிர் உறை) தயிர்சாத டப்பாவின் மேல் வையுங்கள், குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும். ஜெல் பேக் வியர்க்கும் என்பதால் மெல்லிய துணி சுற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் தையலில் இறங்கி, முதல் கேள்விக்கே வந்து நிற்பீர்கள். சாதம் ஆறிய பின் பால் அதிகமாகவும் தயிர் ஒரு ஸ்பூனும் விட்டுப் பிசைவது பழைய வழி, இன்றும் சரியான வழி. வண்டியின் முன் கொக்கியிலேயே வெயிலில் பையை விட்டுப் போகாதீர்கள்.

பொதுவாகச் சமைத்த உணவு 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த அசைவத்தைச் சாப்பிட வேண்டாம்.

ஜிப் சிக்குகிறது, உள்ளே ஃபாயில் ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. (ஆத்தூர்)

ஜிப்பில் உப்பும் எண்ணெயும் படிந்திருக்கும். சோப்பு பிரஷ்ஷால் பற்களைத் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை மேலும் கீழும் இரண்டு முறை இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேரும்.

கிழிசல் ஒரு அங்குலத்துக்குள் என்றால், ஏசி ரிப்பேர் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் அலுமினிய டேப்பை வாங்கி, அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, கிழிசலைச் சுற்றி அரை அங்குலம் கூடுதலாக வரும்படி வெட்டி ஒட்டுங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் ஓரம் தூக்காது. ஃபாயில் செதில் செதிலாக உரிந்து டப்பா மூடியில் ஒட்டத் தொடங்கியிருந்தால் டேப் வேலைக்கு ஆகாது, பையை மாற்றுங்கள்.